கல்யாணக் களை

அக்காவின் வலது பாதத்தில் என் கட்டைவிரல் பதிந்தது.

விரலை எடுத்துவிட்டேன். குழி மட்டும் அப்படியே நின்றது. சந்தனத்தோடு குழைத்த மஞ்சள் அதற்குள் மெல்ல இறங்கி, ஒரு சொட்டு அளவுக்குத் தேங்கியது.

நலங்கு வைத்துக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள். பெரியம்மா வீட்டுக் கூடத்தில் மாலதி அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பாதத்தில், கையில், கன்னத்தில் மஞ்சள் தடவிவிட்டுப் போனார்கள். எனக்கு முன்னால் ஆறு பேர் முடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். ஆறு பேரின் விரல்களும் அவள் பாதங்களிலேயே இருந்தன, நாற்றங்கால் சேற்றில் நாரை நடந்து போன தடம் மாதிரி. அப்பாவின் தங்கை ராணி அத்தை வைத்த குழியில் அவருடைய நெளி மோதிரத்தின் வரிகூடத் தெரிந்தது.

"என்னடி அங்கேயே குத்த வச்சுட்ட? எந்திரி, பின்னாடி ஆளு நிக்குது" என்றார் அத்தை.

அக்கா புடவைக் கொசுவத்தை இழுத்துப் பாதங்களை மூடினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தபோது அவள் கண்கள் இரண்டும் காணாமல் போயின.

"பாத்தீங்களா, கல்யாணக் களை வந்துருச்சு! முகம் எப்படிப் பூரிச்சுக் கெடக்கு!" என்று அத்தை நெட்டி முறித்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன்.

நான் ஸ்கூட்டி ஓட்டப் பழகி வாய்க்காலுக்குள் இறங்கிய கதையைப் போன வாரம் படித்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்ததாகப் பலர் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிப்பு கம்மி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏழிலிருந்து மூன்றுக்கு

மாலதி அக்கா என் பெரியப்பா மகள். எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அதிலும் பாதி சாய்ந்துவிட்டது. அவள் நர்சரி பள்ளியில் டீச்சர். நான் அப்போது தஞ்சாவூரில் பி.எஸ்சி. வேதியியல், இரண்டாம் ஆண்டு. எங்கள் தெருவிலேயே முதல் சயின்ஸ் படிப்பு. அதனால் எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு.

பெண் பார்க்க மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையை அடுத்து ஒரு தொழிற்சாலையில் வேலை. கேசரி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், எல்லாம் பிடித்துப்போய்விட்டது. கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பொண்ணு லட்சணமா இருக்கு. நெறந்தான் ஒரு மட்டு. அதனால என்ன, முகூர்த்தத்துக்கு நாலு மாசம் இருக்குல்ல?"

நாலு மாதம். எங்கள் ஊரில் குறுவை விதைத்து அறுவடை பண்ணிவிடலாம். அப்படி ஒரு பயிர் விஷயம் போலத்தான் அவர் சொன்னார். கோபம் வருகிற மாதிரி ஒன்றுமே இல்லை அந்தக் குரலில்.

மறுநாளே அக்காவை பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். யாரும் சொல்லவில்லை. எனக்கே அவ்வளவு ஆர்வம். போனில் நான் பார்த்த வீடியோக்களில் பாதி, யாராவது ஒரு பெண் முப்பது நாளில் வேறொரு பெண்ணாக மாறுகிற வீடியோ.

பக்கத்துச் சிறு நகரத்தில், மாடியில் இருந்தது அந்த பார்லர். பெயர் வேண்டாம். ஜன்னல்களை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். நட்டநடுப் பகலிலும் உள்ளே என்ன நேரமென்று தெரியாது. ஏ.சி. குளிரில் வட்ட விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்ததும் அக்காவின் கண்மணிகளுக்குள் இரண்டு வெள்ளை வளையங்கள் விழுந்தன. பார்லர் நடத்துகிற மேடம் பேசி முடிக்கும்வரை நான் அந்த வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஓர் அட்டையை எடுத்தார். பெயிண்ட் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒன்றிலிருந்து பத்துவரை தோலின் நிறங்கள். அக்காவின் தாடையை ஒட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப ஏழு. பயப்படாதீங்க, மூணுக்குக் கொண்டாந்துடலாம்."

"ஒண்ணாம் நம்பர்வரைக்கும் கொண்டார முடியாதா மேடம்?" என்றேன், வேடிக்கையாக.

மேடம் சிரிக்கவில்லை. "முடியும்" என்றார்.

தங்க நிற மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். பெயர் இல்லை, ஒட்டுத்தாள் இல்லை. படுக்கும்போது பூச வேண்டும், வெயிலில் போகக் கூடாது. மூன்றாவதாக ஒன்று: "பூசுறப்ப மோதிரம், செயின் எல்லாம் கழட்டி வச்சிடணும். நகைக்கு ஆகாது."

நகைக்கு ஆகாதது முகத்துக்கு மட்டும் ஆகும் என்று நாங்கள் இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டு படியிறங்கினோம். ஒருத்தி டீச்சர். இன்னொருத்தி வேதியியல் மாணவி.

பஸ்ஸில் மிதந்த முகங்கள்

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும், அதே சுவர், அதே வெளிச்சம், அக்காவை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். எட்டாவது வாரம் எல்லாப் படங்களையும் வரிசையாக விரலால் தள்ளிப் பார்த்தேன். மூக்கின் ஓரத்து மச்சம் மங்கியது. அம்மைத் தழும்பு ஒன்று மங்கியது. புருவத்துக்கும் நெற்றிக்கும் நடுவில் இருந்த சின்ன நிழல் போனது. வேகமாகத் தள்ளினால் ஒரு முகம் தண்ணீரில் கரைவது போல இருந்தது. 'சூப்பர்' என்று நினைத்தேன். மேடத்துக்கு அனுப்பினேன். அவர் எனக்குக் 'கேம்பஸ் பார்ட்னர்' என்று ஒரு பட்டம் கொடுத்தார். அதைப் போன் முகப்பில் போட்டுக்கொண்டு திரிந்தேன். என்ன கேம்பஸ், என்ன பார்ட்னர்! ஒரு மாதத்துக்குள் என் வகுப்பிலும் பக்கத்து வகுப்பிலுமாகப் பதினைந்து பேர் என் மூலம் அந்த டப்பாவை வாங்கினார்கள்.

மார்கழி. காலை பஸ்ஸில் ஜன்னல்களெல்லாம் பனி. கும்பகோணம் சாலையில் பஸ் ஊர்ந்தது. உள்ளே விளக்கு போடவில்லை. ஒரு வளைவில் நான் திரும்பிப் பார்த்தேன். அந்த மங்கலில் முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. கழுத்து தெரியவில்லை, கைகள் தெரியவில்லை. வெளுத்த முகங்கள் ஏழெட்டு, கம்பியைப் பிடித்திருப்பது யார் கை என்றே தெரியாமல், பஸ் ஆடும் பக்கமெல்லாம் ஒன்றாக ஆடின. சுதாவா, பர்வீனா, கவியா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு முகம் வாய் திறந்து, "என்னடி அப்படிப் பாக்குற?" என்றது. கவி. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டேன்.

மோதிரம் வெளுத்தது

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது ஒரு கலவரம். முந்தின வாரம் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் போட்ட மோதிரம் வெளுத்துவிட்டது. தங்கம் வெள்ளி மாதிரி ஆகி, ஒரு பக்கம் திட்டுத்திட்டாக மங்கிக் கிடந்தது.

"கவரிங்கைப் போட்டு ஏமாத்திட்டாங்க" என்று பெரியம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் அண்ணி, அந்தம்மா பேச்சே சரியில்லன்னு" என்றார் ராணி அத்தை. அவர் அன்றைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் கேசரி சாப்பிட்டார்.

யாருக்கும் தெரியாமல் ஐந்து பேராக மோதிரத்தைப் பத்தரிடம் எடுத்துப் போனோம். அவர் உரைகல்லில் இழுத்துப் பார்த்தார். "தங்கம் சுத்தமா இருக்கும்மா. மேல பாதரசம் பட்டிருக்கு. வீட்ல தெர்மாமீட்டர் ஏதும் ஒடைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, தணலில் காட்டித் துடைத்து, பழைய மஞ்சளாகவே கொடுத்தார்.

பெரியம்மாவுக்குப் போன உயிர் வந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். சம்பந்தி வீட்டைச் சந்தேகப்பட்டதற்கு அய்யனாருக்குத் தேங்காய் உடைப்பதாகவும் வேண்டிக்கொண்டார்.

வீட்டில் தெர்மாமீட்டரே கிடையாது. அப்புறம் பாதரசம் எங்கிருந்து வந்தது? எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பாதரசமும் தங்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பருவத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நான் பதில் எழுதியிருந்தேன். ரோஸ்மில்க் நன்றாக இருந்தது.

வெள்ளையாயிடுச்சு

நலங்கு முடிந்து எல்லோரும் பந்திக்குப் போனதும் அக்காவை மடக்கினேன்.

"காலைக் காட்டு."

"போடி. நாள் பூரா உக்காந்திருந்தா வீங்காதா?"

"இன்னிக்கு மட்டுமா?"

மூலையில் இருந்த அவளுடைய புதுச் செருப்பைப் பார்த்தேன். அவள் எப்போதும் போடுவதைவிட இரண்டு அளவு பெரியது.

அப்போதுதான் பத்தர் கேட்ட கேள்வி எனக்குள் வந்து விழுந்தது. நகைக்கு ஆகாது. பாதரசம். வீக்கம். வேதியியல் ஆய்வகத்தில் செய்த ஒரு சோதனையும் கூடவே ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைக் கழுவி அவள் கையில் கொடுத்து, இதில் சிறுநீர் பிடித்துக்கொண்டு வா என்றேன்.

"என்னடி கண்றாவி இது! கல்யாணப் பொண்ணுகிட்ட கேக்குற பொருளா?"

"தரலைன்னா பெரியப்பாகிட்ட இப்பவே போயிச் சொல்லுவேன்."

கொல்லையில் மோட்டார் கொட்டகை. மத்தியானம் மூன்று மணி. பந்தியில் பாயசம் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. ரிக்கார்டு ஆய்வுக்கென்று நான் வீட்டில் வைத்திருந்த சோதனைக்குழாய், ஓர் அகல் விளக்கு, கோபி மஞ்சூரியனுக்கு அம்மா வாங்கிய வினிகர். குழாயைச் சாய்த்துப் பிடித்து மேல்பகுதியை மட்டும் சூடு காட்டினேன். தெளிவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் காட்டினேன். மேலிருந்து புகை போல ஒன்று கிளம்பி இறங்கியது. பிறகு கட்டியாகத் திரண்டது, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. வினிகரை இரண்டு சொட்டு விட்டேன். கரையவில்லை. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் கொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளையாயிடுச்சு" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனை வாங்கித் தன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாளே, அதே குரலில்.

"அக்கா, கிட்னி."

"தெரியும்."

குழாயைக் கீழே வைத்துவிட்டு விளக்கை ஊதி அணைத்தேன்.

"கிட்னின்னு தெரியாது. என்னமோன்னு தெரியும். மூணு வாரமா பாத்ரூம்ல நுரை நுரையாப் போவுது. காலைல கண்ணைத் தொறக்க முடியல. ஆனா கயலு, இருபத்தாறு வருஷமா யாரும் என்னைத் திரும்பிப் பாத்ததில்லடி. இப்ப ஸ்கூல்ல எச்.எம். கூப்பிட்டு வச்சு அழகா இருக்கேங்கிறாங்க. பஸ்ல எடம் விடுறாங்க. நாலு நாள். தாலி ஏறட்டும். அப்புறம் நீ சொல்ற எடத்துக்கெல்லாம் வரேன்."

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் ஒத்துக்கொண்டேன். அவளுக்காக என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யார் வாங்கிக் கொடுத்தது என்று வீட்டில் கேட்பார்களே என்பதுதான் உண்மையான காரணம்.

மறுநாள் காலை அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். இமைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு, வெளுத்து, உருண்டு, மெழுகு பூசிய மாதிரி ஒரு முகம். வாசலில் தண்ணீர் பிடிக்க வந்த பெண் எட்டிப் பார்த்து, "யப்பா, அம்மன் மாதிரில்ல இருக்கா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். விளையாட்டாகக் கும்பிடவில்லை. நிஜமாகவே கும்பிட்டாள்.

நான் வயலுக்கு ஓடினேன்.

பெரியப்பா மடையில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, மோதிரம், நுரை, குழாய். "நான்தான் வாங்கிக் கொடுத்தேன் பெரியப்பா" என்பதையும் சொன்னேன். அவர் வாய்க்காலில் குனிந்து கையைக் கழுவினார். சேறு போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார்.

"பொழைப்பாளா?"

"தெரியல பெரியப்பா."

"கார் யார் வூட்ல நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே வரப்பில் ஏறினார்.

வேப்பிலை

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் மருத்துவர், அக்காவைத் தொடுவதற்கு முன்பே, வாசலில் வரும்போதே பார்த்துவிட்டுக் கேட்டார்: "முகத்துக்கு என்னம்மா போடுறீங்க?"

நான் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். மருத்துவர் அதைத் திறக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஐந்து டப்பாக்கள் இருந்தன. ஐந்துக்கும் தங்க நிற மூடி. எங்களுடையதை ஆறாவதாக வைத்து மூடினார்.

"எல்லாம் கல்யாணப் பொண்ணுங்க" என்றார்.

ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பாதரசம்தான். நல்லவேளையாக வந்தீர்கள், இதை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து பதினைந்து பேருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் பதறிப்போய் நிறுத்தினார்கள். கவி மட்டும், "உங்க அக்காவுக்கு எடம் முடிஞ்சிருச்சு. எங்களுக்கு முடிய வேணாமாடி?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பார்லர் சில வாரம் பூட்டிக் கிடந்தது. அப்புறம் வேறு பெயரில் திறந்தார்கள்.

பந்தக்கால் நட்டாகிவிட்டது. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. எப்படிக் கல்யாணத்தை நிறுத்துவது? பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தார். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகினார். அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உள்ளே வரவும் மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவைக் கொல்லைப்பக்கமாக உள்ளே கொண்டுவந்தோம். ஊரே அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. இல்லாத அம்மைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தாளிப்பதை நிறுத்தினார்கள். யாரோ வாசலில் இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள். பெரியம்மா அந்த வேப்பிலைக்கு முன்னால் நின்று, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுத் தினமும் அழுதார்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. முதல் கேள்வி: "முகத்துல தழும்பு விழுந்துருச்சா?"

பழைய முகம்

நாலு மாதத்தில் வீக்கம் முழுக்க வடிந்தது. கன்னத்தின் எலும்பு திரும்பி வந்தது. நிறம் திரும்பி வந்தது. புருவத்துக்கு மேலே அந்தச் சின்ன நிழல்கூட வந்தது. கடைசிப் பரிசோதனையில் புரதம் இல்லை. நானும் பெரியப்பாவும் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று வடை சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நேராக அக்காவிடம் போய்த் தாடையைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று பார்த்தார்.

"தழும்பு ஒண்ணுமில்ல. மாரியாத்தா காப்பாத்திட்டா." பிறகு அவர் முகம் வாடியது. அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "ஆனா இப்படி எளைச்சு, கறுத்துப் போயிட்டியேம்மா! அம்மைக்கு முந்தி, நிச்சயத்தப்ப எவ்வளோ ஆரோக்கியமா இருந்தே! சம்பந்தி, இன்னும் ரெண்டு மாசம் போவட்டும். பழையபடி தேத்தி எடுங்க."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டார். அந்த வீட்டில் அப்போது மாடே இல்லை.

சாயங்காலம் அக்கா வேலியைத் தாண்டி வந்தாள். என் படுக்கையில் உட்கார்ந்து என் ரிக்கார்டு நோட்டைப் புரட்டினாள்.

"கயலு."

"ம்."

"அந்த டப்பா மாதிரி வேற ஏதாவது வச்சிருக்கியா? கல்யாணத்துக்கு மட்டும். ஒரு வாரம்."

"இல்லக்கா."

"சரி" என்றாள். கோபமில்லை, ஏமாற்றமில்லை. கடையில் சர்க்கரை இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறவளின் 'சரி'.

கல்யாணம் நடந்தது. இப்போது அவள் சென்னைக்குப் பக்கத்தில், நாலாவது மாடியில் இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கமானவர், அவர் ஒருநாளும் நிறத்தைப் பற்றிப் பேசியதில்லை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவாள். நான் பேசுவதற்கு முன்னால் அவளுடைய இமைகளைப் பார்ப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

போன மாதத்திலிருந்து அவள் முகத்தில் ஏதோ ஒரு ஃபில்டரைப் போட்டுக்கொண்டுதான் அழைக்கிறாள். தோல் வழவழவென்று பளிங்காக இருக்கிறது. கண்கள் பெரிதாக இருக்கின்றன. தலையைச் சட்டென்று திருப்பினால் மட்டும் அந்த முகம் ஒரு கணம் தாமதித்து, அவளைத் தேடிப் பிடித்து, மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

"அதை எடுத்துட்டுப் பேசுக்கா" என்கிறேன்.

"எதை?" என்கிறாள்.